கணினி வந்துவிட்டது, கற்றல் மாறியதா?

"உங்கள் பள்ளியில் கணினி இருக்கிறதா?" என்று பெற்றோர் பெருமையோடும் ஏக்கத்தோடும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் இன்று அந்தக் கேள்விக்கு இடமில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மடிக்கணினியோ கையடக்கக் கணினியோ கிடைக்க ஏற்பாடாகிவிட்டது. கருவி கைக்கு வந்துவிட்டது. அந்தக் கருவியால் பிள்ளை கூடுதலாக என்ன கற்றுக்கொண்டான், கற்பிக்கும் முறையில் என்ன மாற்றம் வந்தது என்பதுதான் இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ் வகுப்பில் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

1997இல் தொடங்கிய கதை

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு தனது முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை 1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அறிவித்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 2 பில்லியன் வெள்ளி. 2002ஆம் ஆண்டுக்குள் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி இருக்க வேண்டும், பாட நேரத்தில் 30 விழுக்காடு தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு நடைபெற வேண்டும் என்பவை அதன் இலக்குகள். பள்ளிகளில் குளிரூட்டப்பட்ட கணினிக்கூடங்கள் அமைந்தன. காலணிகளை வெளியில் கழற்றி வைத்துவிட்டு மாணவர்கள் வரிசையாக உள்ளே செல்வார்கள். ஆசிரியர்கள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள்.

பயனில்லாமல் போயிற்று என்று சொல்ல முடியாது. இன்று பணியில் இருக்கும் மூத்த ஆசிரியர்கள் கணினியைக் கண்டு மிரளாமல் இருப்பதற்கு அந்த ஐந்து ஆண்டுகள்தான் காரணம். ஆனால் வகுப்பறையில் நடந்தது என்ன? கரும்பலகையில் எழுதியது ஒளிவில்லைக்கு மாறிற்று. ஒளிவில்லையில் இருந்தது பவர்பாயிண்ட் படக்காட்சிக்கு மாறிற்று. ஆசிரியர் பேசினார், மாணவர் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய கள், புதிய மொந்தை என்பார்களே, அதுதான். 30 விழுக்காடு என்று ஓர் எண்ணை இலக்காக வைத்தால் அந்த எண்ணை எட்டுவதற்கான வழியைத்தான் பள்ளிகள் தேடும்.

இதை அமைச்சும் உணர்ந்தே இருந்தது. 2003இல் தொடங்கிய இரண்டாம் பெருந்திட்டம் ஒவ்வொரு பாடத்திலும் தொழில்நுட்பம் எங்கே பொருந்தும் என்று பள்ளிகளே முடிவு செய்ய இடமளித்தது. 2009இல் வந்த மூன்றாவது திட்டம் மாணவர் தாமாகக் கற்பதையும் கூடிக் கற்பதையும் முன்னிறுத்தியது. 2015இல் நான்காவது, 2023இல் 2030ஐ நோக்கிய பெருந்திட்டம் என்று இது தொடர்கிறது. நாட்டிலுள்ள எல்லாப் பள்ளி மாணவர்களுக்குமான 'மாணவர் கற்றல் தளம்' 2018இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

தமிழ் வகுப்பு ஏன் பின்தங்கியது?

ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு 1997இல் கணினி கிடைத்தது என்றால் அன்றைக்கே அவர்கள் வேலையைத் தொடங்கலாம். தமிழாசிரியர் நிலை அப்படி இல்லை. ஏன் என்பதை இன்றைய இளம் பெற்றோர்களுக்குச் சற்று விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்கள்தாம் தெரியும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் இன்ன எண் என்று உலகம் முழுவதும் ஓர் உடன்பாடு இருந்தது. தமிழுக்கு அப்படியோர் உடன்பாடு நடைமுறையில் இல்லை. ஆகவே, எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். ஒருவர் 'அ'வை ஓர் இடத்தில் வைத்தார், இன்னொருவர் வேறோர் இடத்தில் வைத்தார். விசைப்பலகையும் ஆளுக்கொரு விதம். விளைவு என்ன? ஓர் ஆசிரியர் இரவெல்லாம் கண்விழித்துப் பயிற்சித்தாள் ஒன்றைத் தட்டச்சு செய்து, அடுத்த பள்ளியிலுள்ள நண்பருக்கு அனுப்புவார். அவருடைய கணினியில் அதே எழுத்துரு இல்லையென்றால் திரையில் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஆங்கில ஆசிரியர்கள் பாடங்களைப் பகிர்ந்துகொண்டு முன்னேறிய வேளையில் தமிழாசிரியர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சோம்பலும் ஆர்வக்குறைவும் இதற்குக் காரணம் என்று சிலர் அந்நாளில் பேசியது நியாயமற்ற பேச்சு.

இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்தவர்களில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கி வந்த இணையப் பக்கத்தின்வழி தமிழை இணையத்தில் ஏற்றியவர்களுள் முதன்மையானவர். பள்ளிகளுக்கான பெருந்திட்டம் அறிவிக்கப்பட்ட மறுமாதமே, 1997 மே மாதத்தில், தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' பல தமிழாசிரியர்களுக்கு முதல் தமிழ்த் தட்டச்சுக் கருவி. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் எண் வழங்கும் யூனிகோடு முறையை விண்டோஸ் 2000 தமிழுக்கும் ஏற்றுக்கொண்டது. ஐபோனிலும் ஐபேடிலும் தமிழ் விசைப்பலகை உள்ளமைந்தே வந்தது 2013இல். அதாவது, ஒரு பள்ளியில் எழுதிய தமிழ் இன்னொரு பள்ளியில் அப்படியே தெரியும் என்ற எளிய வசதி எங்கும் பரவலாவதற்கு முதல் பெருந்திட்டம் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன. தமிழ் மின்பாடங்களின் எண்ணிக்கையை ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பேச்சுக்கு உதவும் கருவி

சரி, எழுத்துச் சிக்கல் தீர்ந்துவிட்டது. தமிழ் வகுப்பில் தொழில்நுட்பம் மிகுந்த பலன் தரும் இடம் எது? என் கருத்தில் அது பேச்சுதான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் பேசும் மொழி ஆங்கிலம். பத்தாண்டுகளுக்கு முன்பு இது 32.3 விழுக்காடு. இந்தியக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்குத் தமிழ் பேசக் கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறை என்றாகிறது.

அந்த வகுப்பறையில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரப் பாடம், இருபது மாணவர்கள். ஆசிரியர் பாடத்தை அறிமுகப்படுத்தவும் முடித்து வைக்கவும் பதினைந்து நிமிடம் போனால் எஞ்சுவது நாற்பத்தைந்து நிமிடம். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேச வைத்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டேகால் நிமிடம். நடப்பில் அதுவும் கிடைப்பதில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த நான்கைந்து பேர் கையை உயர்த்துவார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பாடத்தை முடித்துவிடுவார்கள். பேசத் தெரியாதவர்தான் அதிகம் பேச வேண்டும். ஆனால் அவருக்குத்தான் வாய்ப்புக் குறைவு.

இப்போது ஒலிப்பதிவு வசதியைக் கொண்டுவருவோம். ஆசிரியர் ஒரு படத்தையோ சிறு காணொளியையோ தளத்தில் ஏற்றி, "இதில் நடப்பதை உன் சொற்களில் சொல்" என்கிறார். இருபது பேரும் ஒரே நேரத்தில், அல்லது வீட்டில் தத்தமது நேரத்தில், பேசிப் பதிவு செய்கிறார்கள். பலர் முன்னிலையில் வாய் திறக்கக் கூசும் பிள்ளை இங்கே பேசுகிறது. முதல் பதிவு பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மீண்டும் பேசுகிறது. நான்கு முறை பதிவு செய்தால் நான்கு முறை பயிற்சி. அதோடு, தன் குரலைத் தானே கேட்கிறது. 'மழை'யை 'மளை' என்று சொல்வதை ஆசிரியர் பத்து முறை திருத்தியும் உணராத பிள்ளை, ஆசிரியரின் உச்சரிப்பையும் தன்னுடையதையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது வேறுபாட்டைத் தானே பிடித்துவிடுவதுண்டு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் இப்போது மாணவர் காணொளியைப் பார்த்துத்தான் உரையாடுகிறார் என்பதால் தேர்வுக்கும் இது நேரடிப் பயிற்சி. தாய்மொழிக் கல்வி பற்றி 2011இல் வெளிவந்த மறுஆய்வுக் குழு அறிக்கை வலியுறுத்தியதும் இத்தகைய அன்றாட, உயிருள்ள மொழிப் பயன்பாட்டைத்தான்.

இனிப்போடு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதிவுகளை யார் கேட்பது? ஒரு பதிவு இரண்டு நிமிடம், கருத்துரை சொல்ல இன்னும் இரண்டு நிமிடம் என்றால் ஒரு வகுப்புக்கு எண்பது நிமிடம். நான்கு வகுப்புகள் எடுக்கும் ஆசிரியருக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல். பதிவு செய்யச் சொல்லிவிட்டு யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தால் மூன்றாவது வாரமே பிள்ளைகள் ஏனோதானோவென்று பேசத் தொடங்கிவிடுவார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து பேருடைய பதிவை மட்டும் முழுமையாகக் கேட்பது, மற்றவர்கள் இருவர் இருவராக ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு ஒரு நல்ல சொல்லையும் ஒரு திருத்தத்தையும் எழுதுவது என்று வைத்துக்கொள்கிறார்கள். இயந்திரமே உச்சரிப்பைத் திருத்தும் மென்பொருள்களும் வருகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் உள்ள தேர்ச்சி தமிழில், அதுவும் ஆங்கிலம் கலந்து தயங்கித் தயங்கிப் பேசும் சிறு பிள்ளையின் குரலில், இன்னும் கைகூடவில்லை. சரியாகச் சொன்ன பிள்ளையிடம் "தவறு" என்று இயந்திரம் சொல்வதைவிட இயந்திரம் சும்மா இருப்பது மேல்.

ஒரே ஒரு கேள்வி

விலையுயர்ந்த மென்பொருள்தான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991 முதல் பின்பற்றிவரும் முறை ஒன்று உண்டு. அதைத் தொடக்கநிலை 5 அறிவியல் வகுப்புக்கு இப்படிப் பொருத்திப் பார்க்கலாம்.

குளிர்ந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுகின்றன. அந்த நீர் எங்கிருந்து வந்தது? உள்ளிருந்து கசிந்ததா, குளிர்ச்சி வெளியே வந்ததா, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீரானதா? ஆசிரியர் வாய்விட்டுக் கேட்டால் வகுப்பின் கெட்டிக்காரப் பிள்ளை சரியான விடையைச் சொல்லும், "புரிந்ததா?" என்பார் ஆசிரியர், "புரிந்தது" என்பார்கள் அனைவரும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தம் கருவியில் விடையைத் தேர்ந்தெடுத்தால் கதை மாறிவிடும். நீர் கண்ணாடி வழியே கசிந்தது என்று வகுப்பில் பாதிப்பேர் நம்புவது ஆசிரியரின் திரையில் அப்பட்டமாகத் தெரியும். அவர் உடனே விடையைச் சொல்வதில்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் உன் காரணத்தைச் சொல்" என்கிறார். இரண்டு நிமிடம் வகுப்பே சந்தைக்கடையாகிறது. பிறகு மறுபடியும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். "அப்படியென்றால் வெறும் குவளையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தாலும் நனைகிறதே, அதற்குள் தண்ணீரே இல்லையே" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும் வாதம் ஆசிரியரின் விளக்கத்தைவிட ஆழமாகப் பதியும்.

இதில் தொழில்நுட்பத்தின் பங்கு சிறியது. யாருக்குப் புரியவில்லை என்பதை, பாடம் முடிவதற்கு முன்பே ஆசிரியருக்குக் காட்டுகிறது. அவ்வளவுதான். வண்ண அட்டைகளைக் காட்டச் சொல்லியும் இதைச் செய்யலாம். ஆனால் கருவி என்றால் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து மாற்றிக்கொள்ள வழியில்லை. தவறான விடை சொல்பவருக்கு வெட்கமும் இல்லை.

வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது என்பதற்கு உலகில் சான்றுகள் பல. தென் அமெரிக்க நாடான பெரு, ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை வாங்கித் தந்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட முடிவுகள், கணினிப் பயன்பாடு பெருகியதே தவிர கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி உயரவில்லை என்று காட்டின. அண்டை நாடான மலேசியா ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் '1பெஸ்தாரிநெட்' திட்டத்தை 2011இல் தொடங்கியது. அதன் கற்றல் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. 2019இல் அந்தத் திட்டம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது.

பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் வெளிப்படையானது. பள்ளிக் கணினிகளில் பெருந்தொகை செலவிட்ட நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்றது அது. அளவோடு பயன்படுத்தியவர்கள் ஓரளவு நன்றாகச் செய்தார்கள். அளவு மீறிப் பயன்படுத்தியவர்கள் பின்தங்கினார்கள். இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. திரையில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனில் அப்போது முதலிடம் பெற்றது சிங்கப்பூர். ஆனால் பள்ளியில் கணினி முன் அதிக நேரம் செலவிட்டவர்கள் நம் மாணவர்கள் அல்லர். ஊன்றிப் படிக்கத் தெரிந்த பிள்ளை தாளிலும் படிக்கும், திரையிலும் படிக்கும்.

வீடே வகுப்பறையானபோது

2003இல் சார்ஸ் நோய் பரவியபோது மார்ச் 27ஆம் தேதி முதல் பள்ளிகள் மூடப்பட்டன. அன்றைக்கு இல்லத்திலிருந்து கற்பது என்பது பெரும்பாலும் பயிற்சித்தாள்களே. பதினேழு ஆண்டுகள் கழித்து, கொவிட்-19 காரணமாக 2020 ஏப்ரல் 8ஆம் தேதி முதல் எல்லாப் பள்ளிகளும் முழுமையாக இல்லம்சார்ந்த கற்றலுக்கு மாறியபோது பாடங்கள் தளத்தில் ஏறிவிட்டன. இடையில் செய்த முதலீடு வீண்போகவில்லை. ஆனால் வேறு சில உண்மைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரே கணினி, மூன்று பிள்ளைகள்; மூவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. மூவறை வீட்டில் வரவேற்பறை, சாப்பாட்டு மேசை, படுக்கையறை மூன்றும் வகுப்பறைகள். தொடக்கநிலை 1 பிள்ளைக்கு அருகில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தப் பெரியவருக்கு வேலைக்குப் போக வேண்டும், அல்லது கடவுச்சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யத் தெரியாது. பள்ளிகள் ஆயிரக்கணக்கான கணினிகளை இரவல் கொடுத்தன. 2028க்குள் என்று திட்டமிட்டிருந்த தனிநபர் கற்றல் கருவித் திட்டத்தை அமைச்சு ஏழு ஆண்டு முன்னுக்குக் கொண்டுவந்தது அதன் பிறகுதான். மாணவர்கள் அவற்றை எடுசேவ் கணக்கிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். வசதி குறைந்தோருக்குக் கூடுதல் மானியம் உண்டு.

அந்தக் கருவி இரவிலும் வீட்டில்தான் இருக்கிறது என்பதே இப்போது பெற்றோரின் கவலை. கவலைப்படுவது சரிதான். கருவியில் நிறுவப்பட்டுள்ள நிர்வாகச் செயலி, பள்ளி முடிந்த பிறகு எந்தத் தளங்களைத் திறக்கலாம், எத்தனை மணி வரை பயன்படுத்தலாம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வழி தருகிறது. அதைப் பற்றிப் பள்ளியிலிருந்து வந்த கடிதம் பல வீடுகளில் பிரிக்கப்படாமலேயே கிடக்கிறது. எடுத்துப் படியுங்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பள்ளி வேலை தவிர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் திரை பார்க்க வேண்டும் என்பது 2025இல் சுகாதார அமைச்சு தந்த வழிகாட்டி.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை எழுதிக்கொள்ளும் பழக்கம் தமிழ்ப் பாடத்துக்கும் வந்துவிட்டது. பிழையில்லாத தமிழ்தான், ஆனால் உயர்நிலை 2 மாணவன் எழுதும் தமிழ் அல்ல என்று ஆசிரியர் முதல் பத்தியிலேயே கண்டுகொள்வார். தடை போட்டு இதை நிறுத்த முடியாது என்றே நினைக்கிறேன். எழுதிக்கொண்டு வந்ததை மூடி வைத்துவிட்டு, "மூன்றாம் பத்தியில் நீ என்ன சொல்லியிருக்கிறாய்?" என்று இரண்டு நிமிடம் பேசச் சொல்வது நல்ல சோதனை. அதே கருவியிடம் தன் கட்டுரையைக் கொடுத்து, "பிழை எங்கே என்று மட்டும் காட்டு, திருத்தாதே" என்று கேட்கப் பழகிய மாணவன் உண்மையிலேயே பயன் பெறுவான்.

தமிழ் படிக்காத பெற்றோர் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பிள்ளையின் கைத்தொலைபேசி அமைப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் 'அஞ்சல்' முறை தொடக்கத்தில் எளிது. ஆனால் 'தமிழ்99' முறையில் உயிரும் மெய்யும் சேர்வதைப் பிள்ளை விரல்களால் உணரும் என்பதால் சில வாரச் சிரமத்துக்கு அது தகுதியானதே. பிறகு பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நாள்தோறும் ஒரு வரிக் குறுஞ்செய்தி, தமிழில். "சாப்பிட்டீர்களா?" என்பதில் தொடங்கினால் போதும், அவர்கள் பதிலுக்குக் குரல்பதிவு அனுப்புவார்கள், பிள்ளை அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் எழுத வேண்டிவரும்.